தையல்

இந்த ஊரில் பழைய பாட்டில் வாங்குகிறேன் என்றால்
யாரும் நம்புவதில்லை.
கூரியர்காரன்கூட
இதெல்லாம் நீங்களே குடித்து முடித்ததா என்பான்.

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால்
எட்டுக்குப் பத்து அறை,
ஜன்னல் கிடையாது,
அறுபது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று.
கண்ணாடியைப் படிக்க அது போதும்.

முதலில் பார்க்க வேண்டியது நகம், கண் அல்ல.
பக்கவாட்டில் ஒரு தையல் ஓடும்,
அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடம்.
கழுத்தோடு அது நின்றுபோனால்
வாயைத் தனியாக ஒரு மனிதன் வைத்திருக்கிறான்,
சூடாக, அவசரமாக, கொஞ்சம் கோணலாக.
உதட்டைத் தாண்டி ஏறிப் போனால்
மெஷின்.
அடியில் கரடுமுரடாக வடு இருந்தால்
ஊதியவன் இரும்புக் கம்பியிலிருந்து
உடைத்தெடுத்த தொப்புள்.
குமிழி இருந்தால் பழசு என்பார்கள், நம்பாதீர்கள்.
சோம்பேறி உலை எல்லா நூற்றாண்டிலும் உண்டு.

வைத்திக்குப்பத்தில் சாக்கடைக்குத் தோண்டியபோது
ஜேசிபி ஓட்டும் தணிகைமலை
ஒரு சாக்கு கொண்டுவந்து இறக்கினான்.
கோலி சோடா பாட்டில் பதினொன்று,
ஒன்பதின் கழுத்து உடைந்து கோலி போயிருந்தது.
அந்தப் பையன்கள் இப்போது
மண்ணுக்குள் இருப்பார்கள். கோலிகளும்.
மிச்சம் இரண்டுக்கு நல்ல விலை.

ரொசாலி வந்தது ஆகஸ்டில், ஒரு செவ்வாய் மத்தியானம்.
துணிப்பைக்குள் பச்சை பாட்டில்.
மாதா சுரூபத்துக்கு முன்னால்
ஐம்பது வருஷத்துக்கு மேல் மெழுகுவர்த்தி ஏந்தியது.
“அப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்தது.
சொல்தா. முப்பத்தெட்டில் போனார்,
ஐம்பத்து நாலில் திரும்பினார்.
கப்பல் முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம்.
என்ன தருவீர்கள்?”

நகம் வைத்தேன்.
தையல் கழுத்தைக் கடந்தது, உதட்டைக் கடந்தது,
வாய்க்குள் எட்டிப் பார்த்தது.
அதனால் என்ன, முப்பத்தெட்டிலும் மெஷின் உண்டு.

அடி முழுக்க மெழுகு, விரல் கனத்துக்கு.
கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.
“சுரண்ட வேண்டாமே” என்றார்.
தண்ணீர் கொதித்ததும், “சரி, சுரண்டுங்கள்.”
அடுக்கடுக்காக வந்தது:
வெள்ளை, மஞ்சள், ஏதோ கிறிஸ்துமஸின் சிவப்பு,
மறுபடி வெள்ளை, கடைசியில் கறுப்பு.
அதற்கும் கீழே
தலையில் தொப்பியும் காலில் புள்ளியும் வைத்த
சைகோன் எழுத்துகள்,
ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் 61.

அச்சு எண்ணாக இருக்கலாம்.
ஐந்தில் நாலு தடவை அப்படித்தான்.
ஆனால் இதே வட்டத்தில் 58 என்று ஒன்று
என்னிடம் உண்டு, 63 ஒன்றும் உண்டு.
பரணிலிருந்து இறக்கி
பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.
வேறெதுவும் சொல்லவில்லை.

மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.
“நான் கணக்கு டீச்சராக இருந்தேன்” என்றார்,
அது எனக்குச் சொன்னதல்ல.
ஐம்பத்து நாலுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில்
அவர் பிறந்த வருஷமும் இருந்திருக்க வேண்டும்.

பிறகு,
“தபால்காரர் பெல் அடித்தால் அப்பாதான் எழுந்து போவார்.
காய்ச்சலாக இருந்தாலும்.”

தெருவில் பூண்டு விற்கிறவன்
மைக்கில் கத்திக்கொண்டு போய் முடிந்ததும்,
“அடியில் மெழுகு ஊற்றி
முதலில் நிறுத்தியது அம்மா.”

விலை பேச வந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.
நூற்றெண்பது பெறும்,
அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.
மேசையில் கிடந்த மெழுகுத் துணுக்குகளை
ஒன்று விடாமல் கூட்டி
தினத்தாளில் மடித்துக் கைப்பையில் வைத்தார்.
குடையை எடுத்தார்.
பாட்டிலைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும் கூப்பிடவில்லை.

பரணில் 58க்கும் 63க்கும் நடுவில்
இடம் இருக்கத்தான் செய்கிறது.
ஏற்றவில்லை, மேசையிலேயே நிற்கிறது.

ராத்திரி கரண்ட் போனது.
மெழுகுவர்த்தி இருந்தது.
டீ சாஸரில் ரெண்டு சொட்டு விட்டு
அதில் ஒட்டிக்கொண்டேன்.